படம் நிஜம்தான், ஊர்தான் வேற

இன்னைக்கு எபிசோடு கோடிங் பத்தி இல்ல, இன்டர்வியூ டிப்ஸும் இல்ல. போன ஜூன்ல இருந்து மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை, அம்பத்தூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு இருக்கேன். ஒன்பதாம் வகுப்புப் பசங்க. வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாலயும் வர்ற படங்களை நம்புறதா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது, அதுதான் பாடம். இதைப் பத்திப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல பாதிப் பேர், "ஏஐ படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. அது இந்த எபிசோடுல கொஞ்சம்தான் வரும். ஏன்னு போகப் போகப் புரியும்.

முதல் நாள் வகுப்புல மூணு கலர் பிரிண்ட் அவுட் கொடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு வரி. ஒண்ணு, மதகு எல்லாம் திறந்து தண்ணி கொட்டுற ஒரு அணை: "செம்பரம்பாக்கம் திறந்தாச்சு, எல்லாரும் பத்திரம்." ரெண்டாவது, ஒரு தெருவுல பைக்ல வந்த ரெண்டு பேர் ஒரு சின்னப் பையனைத் தூக்குற காட்சி: "பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம ஏரியாவுக்கு வந்துட்டாங்க." மூணாவது, மூச்சு விட இடமில்லாத ரயில் பெட்டி: "உயிருக்குப் பயந்து ஓடும் வடமாநிலத் தொழிலாளர்கள்." இதுல எது பொய்னு கேட்டேன்.

பசங்க பேப்பரைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு விரல் எண்ணிப் பாக்குறாங்க. "அக்கா, இதுல ஷேடோ சரியில்ல." "அக்கா, இது எடிட்டு, ஓரம் மங்கலா இருக்கு பாருங்க." கால் மணி நேரம் விட்டேன். அப்புறம் சொன்னேன், மூணுமே கேமராவுல எடுத்தது, ஒரு புள்ளிகூட மாத்தல. கீழ இருக்குற வரிதான் வேற. ஒரு பையன் கடுப்பாயிட்டான். "அப்ப எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

அந்தக் கேள்விக்கு அவன் வரணும்னுதான் அவ்வளவு நேரம் விட்டது. நம்ம ஊர்ல ஆபத்தாப் போன படங்களை எடுத்துப் பாத்தீங்கன்னா, பெரும்பாலானதுல யாரும் ஃபோட்டோஷாப்பைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. அது அதிக வேலை. பழைய படத்துக்குப் புது வரி எழுதுறது பத்து செகண்ட் வேலை. பசங்களோ எடிட்டைத் தேடப் பழகியிருக்காங்க. எடிட் இல்லைன்னா உடனே "உண்மை"ன்னு டிக் போட்டுடுறாங்க. ஆறு விரல் இருந்தா ஏஐன்னு சொல்லிக் கொடுத்த ரீல்ஸ் எல்லாம் ஏற்கனவே காலாவதி. இப்ப வர்ற படத்துல விரல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா "இது எந்த ஊரு, எப்ப எடுத்தது, யாரு எடுத்தது"ங்கற கேள்வி ஏஐ படத்துக்கும் பொருந்தும், பத்து வருஷத்துக்கு முந்தின படத்துக்கும் பொருந்தும்.

அணை படத்துக்கு வருவோம். செம்பரம்பாக்கத்துல 2015 டிசம்பர்ல விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதுல இருந்து, பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். மழை ரெண்டு நாள் விடாம பெஞ்சா ஏதாவது ஒரு அணை படம் ஃபேமிலி குரூப்புக்கு வந்துடும். நான் பிரிண்ட் எடுத்தது ஸ்ரீசைலம் அணை. பசங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "செம்பரம்பாக்கம் போயிருக்கீங்களா?" ஏழெட்டுப் பேர் கை தூக்கினாங்க. "அங்க மலை இருக்கா?" ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் கிளாஸே சிரிச்சிடுச்சு.

செம்பரம்பாக்கம் ஒரு ஏரி. நீளமா ஒரு மண் கரை, அதுல மதகு, சுத்தி சமவெளி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி. ரெண்டு பக்கமும் மலை நடுவுல உயரமான கான்கிரீட் சுவருன்னா அது நம்ம ஏரியாவே இல்ல. இதுக்கு கூகுள் லென்ஸ் தேவையில்ல, நெட் பேக்கும் தேவையில்ல. சொந்த ஊரைப் பத்தி பசங்களுக்குத் தெரிஞ்சதே பெரிய கருவி. நான் அதை முதல்ல எடுத்துக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்த கிளாஸ்ல பாதிப் பேருக்குச் சொந்தமா போன் கிடையாது. ராத்திரி அம்மா போனை வாங்கி அரை மணி நேரம் பாக்குறவங்க. ஸ்கூல்ல ஹை-டெக் லேப் இருக்கு, ஆனா எல்லா சனிக்கிழமையும் சாவி கிடைக்காது. அதனால கண்ணாலயே முடிஞ்ச வரைக்கும் பாத்துட்டு, கடைசியில தேடலுக்குப் போறதுன்னு வெச்சுக்கிட்டோம்.

கண்ணால என்னல்லாம் பாக்கலாம்? கடைப் பலகையில என்ன எழுத்து. பஸ் என்ன கலர். போலீஸ்காரங்க தொப்பி. வண்டி நம்பர் பிளேட். டிஎன் 13ன்னா அம்பத்தூர், டிஎன் 12ன்னா பூந்தமல்லின்னு பசங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். ஆனா ஒரு பொண்ணு உடனே மடக்கினா: "எங்க மாமா லாரி டிஎன்தான், ஆனா அது நாக்பூர்ல நிக்கும்." கரெக்ட். ஒரு வண்டி எதையும் நிரூபிக்காது. தெருவுல நிக்கிற பத்து வண்டியும் ஆர்ஜேன்னு இருந்தா அது ராஜஸ்தான்னு சந்தேகப்பட நல்ல காரணம்.

லேப் சாவி கிடைச்ச அன்னைக்குத்தான் ரிவர்ஸ் இமேஜ் தேடல். படத்து மேல ஒட்டியிருக்குற எழுத்து, ஸ்மைலி, சிவப்பு வட்டம் எல்லாத்தையும் வெட்டிட்டுத் தேடணும், இல்லைன்னா அதையும் சேத்துத் தேடும். வீடியோன்னா பலகையோ கட்டடமோ தெளிவா தெரியற இடத்துல நிறுத்தி மூணு நாலு ஸ்க்ரீன்ஷாட். வர்ற ரிசல்ட்ல ரொம்ப பழைய தேதி எதுன்னு பாக்கணும். இந்த வாரம் நடந்ததுன்னு சொல்ற படம் மூணு வருஷம் முன்னாடியே எங்கயாவது இருந்தா, கதை அங்கயே முடிஞ்சுது. ஆனா ஒண்ணுமே கிடைக்கலைன்னா படம் உண்மைன்னு ஆயிடாது. டெஸ்டிங் பண்றவங்களுக்குத் தெரியும்: ஒரு டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆனா பக் நிச்சயம், எல்லாம் பாஸ் ஆனா பக் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பசங்களுக்கு இதைப் புரியவைக்க ரெண்டு சனிக்கிழமை ஆச்சு. அவ்வளவு நேரம் எடுத்துக்க வேண்டிய விஷயம்தான் அது.

ரெண்டாவது பிரிண்ட் அவுட், பைக் படம். இது சிரிக்க முடியாத கதை. அந்தக் காட்சி பாகிஸ்தான்ல கராச்சியில எடுத்த ஒரு விழிப்புணர்வு வீடியோ. காணாமப் போற குழந்தைகளுக்காக வேலை செய்ற ஒரு அமைப்பு எடுத்தது. முழு வீடியோவுல, குழந்தையைத் தூக்கிட்டுப் போன அதே ஆளுங்க திரும்பி வந்து இறக்கி விட்டுட்டு, "குழந்தைகளைக் கவனமாப் பாத்துக்கங்க"ங்கற மாதிரி ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிட்டாங்க. 2018-ல அது இந்தியா முழுக்க "பிள்ளை பிடிக்கிறவங்க" ஆதாரமா சுத்துச்சு. அதே அலையில, 2013-ல சிரியாவுல ரசாயனத் தாக்குதல்ல செத்த குழந்தைங்க படத்தையும் உறுப்புத் திருட்டுன்னு போட்டு அனுப்பினாங்க.

அந்த வருஷம் மே மாசம், இதே திருவள்ளூர் மாவட்டத்துல, பழவேற்காட்டுல, மனநலம் சரியில்லாத ஒருத்தரைப் பிள்ளை பிடிக்க வந்தவர்னு சந்தேகப்பட்டு அடிச்சே கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, குலதெய்வக் கோயிலுக்குப் போற வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்த, சென்னையைச் சேர்ந்த ஒரு வயசான அம்மாவை ஊரே சேர்ந்து அடிச்சுக் கொன்னாங்க. கூடப் போன சொந்தக்காரங்களும் அடிபட்டாங்க. இப்படி நாடு முழுக்க நடந்த கொலைகளுக்கு அப்புறம்தான், 2018 ஜூலையில, இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் மாத்துச்சு. இன்னைக்கு அஞ்சுக்கு மேல போக மாட்டேங்குதுன்னு திட்டுறோம் இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்குற கதை இதுதான்.

இந்தப் பசங்க 2018-ல ரெண்டாம் கிளாஸ். ஒருத்தருக்கும் இது தெரியல. பழவேற்காடுன்னா அவங்களுக்கு போட்டிங்தான்.

மூணாவது படம், ரயில். 2023 மார்ச். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வட இந்தியா முழுக்க வீடியோ பரவுச்சு. பீகார் சட்டமன்றத்துலயே அது பிரச்சனையாச்சு. அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு, பரவின ரெண்டு வீடியோவும் அவங்க சொல்ற மாதிரி இல்லைன்னு மறுப்பு வெளியிட்டார். ஒண்ணு பீகார் தொழிலாளர்கள் ரெண்டு குழுவுக்குள்ள நடந்த சண்டை, இன்னொண்ணு கோவையில உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்தது. ராஜஸ்தான் ஜோத்பூர்ல ஒரு வழக்கறிஞர் கொலையான வீடியோவைக்கூட தமிழ்நாடுன்னு போட்டிருந்தாங்க. உடம்புல கட்டு போட்டு நிக்கிற ஆளுங்க பேசுற ஒரு வீடியோ, பாட்னாவுல ஒரு வாடகை வீட்டுல நடிச்சு எடுத்ததுன்னு பீகார் போலீஸே சொன்னாங்க. பீகார் அரசு ஒரு குழுவை இங்க அனுப்பி, தொழிலாளர்களை நேர்ல பாத்துப் பேச வெச்சுது.

நாமளும் சும்மா இருக்கல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, திருப்பூர்ல நடந்த ஒரு தகராறு வீடியோ நம்ம குரூப்புகள்ல "வடக்கன்ஸ் தமிழர்களை விரட்டி அடிக்கிறாங்க"ன்னு ஓடிட்டு இருந்துச்சு. அது தனிப்பட்ட சண்டையில ஆரம்பிச்சதுன்னு போலீஸ் சொன்னது எத்தனை குரூப்புக்குப் போச்சு?

அம்பத்தூர் எஸ்டேட் வாசிகளுக்கு நான் இதை விளக்கவே வேணாம். லேத் பட்டறையில இருந்து ஐடி பார்க் கேன்டீன் வரைக்கும் வடமாநிலத்துக்காரங்க இல்லாம ஒரு ஷிஃப்ட் ஓடாது. அந்த கிளாஸ்லயும் அப்படி ஒரு பையன் இருக்கான். அப்பா எஸ்டேட்ல ஒரு யூனிட்ல வேலை. பையன் பேசுறது பக்கா அம்பத்தூர் தமிழ். ரயில் படத்தைப் பத்திப் பேசும்போது அது வரைக்கும் பேசாம இருந்தவன் சொன்னான்: "அக்கா, அந்த மாசம் நாங்களும் இந்த மாதிரி டிரெயின்லதான் போனோம். ஹோலிக்கு."

அவ்வளவுதான் விஷயம். 2023-ல ஹோலி மார்ச் 8. வருஷா வருஷம் அந்த வாரம் வடக்கே போற ரயில்ல கால் வைக்க இடம் இருக்காது. அந்த வருஷம் அந்தக் கூட்டத்தைத்தான் "பயந்து ஓடுறாங்க"ன்னு எழுதினாங்க. ஆனா பையன் அதோட நிறுத்தல. ஊருக்குப் போனதும் பாட்டி அந்த வீடியோவைக் காட்டி, திரும்பிப் போகவே கூடாதுன்னு அழுதாங்களாம். அப்பா எவ்வளவு சொல்லியும் நம்பல. ஒன்றரை மாசம் அங்கேயே இருந்துட்டாங்க. அப்ப அவன் ஆறாவது. அந்த வருஷம் முழுப் பரீட்சை எழுதல. அப்பாவுக்கு அந்த வேலையும் போச்சு, அப்புறம் வேற யூனிட்ல சேர்ந்தாராம்.

அதாவது பொய் வரி, பாதி நிஜமாகிடுச்சு. ஹோலிக்குப் போன குடும்பம், படத்தைப் பாத்துதான் பயந்துச்சு. கிளாஸ்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல. அவன் பக்கத்து பெஞ்ச் பையன், ரெண்டு வருஷமா கூடவே உட்கார்றவன், "இதை ஏன்டா எங்கிட்ட சொல்லவே இல்ல?"ன்னு கேட்டான். "நீ கேக்கலயே"ன்னான்.

சரி, இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சனை ஒண்ணு இருக்கு. நாலஞ்சு வகுப்பு முடிஞ்சதும் பசங்க எல்லாத்தையும் ஃபேக்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. எதைக் காட்டினாலும் "ஃபேக்குக்கா." செக் பண்ணியான்னா, "பாத்தாலே தெரியுது." இது எனக்கு நம்புறதை விட மோசமாப் பட்டுச்சு. நம்புறவனாவது படத்தைப் பாக்குறான்.

அதுக்குத்தான் முதலை பாடம். 2015 வெள்ளத்தப்போ, ஈசிஆர்ல இருக்குற முதலைப் பண்ணையில இருந்து முதலைங்க தப்பிச்சு ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு செய்தி பரவுச்சு. பண்ணையே அப்படி எதுவும் இல்லைன்னு மறுத்தாங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் பக்கம் ராத்திரி ரோட்டைக் கடக்குற முதலை வீடியோ வந்துச்சு. ரெண்டையும் காட்டினேன். முழு கிளாஸும் ரெண்டுமே பொய்னாங்க. ரெண்டாவது உண்மை. வனத்துறைச் செயலாளரா இருந்த சுப்ரியா சாகுவே, சென்னையில சில நீர்நிலைகள்ல முதலைங்க இருக்குன்னும், தொந்தரவு பண்ணாதீங்கன்னும் எழுதினாங்க. அதே ஊரு, அதே மழை, அதே முதலை. ஒண்ணு பொய், ஒண்ணு நிஜம். தேடிப் பாக்காம சொல்ல வழியே இல்ல.

கூடவே இன்னொண்ணு. 2015-ல பிரதமர் ஹெலிகாப்டர்ல இருந்து சென்னை வெள்ளத்தைப் பாக்குற படத்தை மத்திய அரசோட பிஐபி வெளியிட்டுச்சு. ஜன்னல் வழியா தெரியுற காட்சியை வேற படத்துல இருந்து ஒட்டியிருந்தாங்க. சனம் கண்டுபிடிச்சதும் எடுத்துட்டு, ரெண்டு படத்தை இணைச்சதா ஒத்துக்கிட்டாங்க. பிரதமர் வந்தது நிஜம், வெள்ளம் நிஜம், படம் ஒட்டு. அதே பிஐபிதான் 2019-ல இருந்து ஃபேக்ட் செக் பிரிவு நடத்துது. பசங்க இந்த ஜோக்கை ரொம்ப ரசிச்சாங்க. நான் சொல்ல வந்தது, ப்ளூ டிக்கோ அரசு முத்திரையோ இருந்தாலும் கேள்வி அதேதான். யூடர்ன் பாருங்க, தமிழ்நாடு அரசோட தகவல் சரிபார்ப்பகம் பாருங்க, ஒரே இடத்துல நிக்காதீங்க.

இங்க சில பேர் கேப்பீங்க, இதெல்லாம் பாடமா நடத்தி ஏதாவது ஆகுமா? ஆகும்னு நினைச்சு ஒரு மணி நேர விழிப்புணர்வு முகாம் நடத்துறவங்களுக்கு ஒரு கெட்ட செய்தி. சுமித்ரா பத்ரிநாதன்ங்கற ஆய்வாளர் 2019 மக்களவைத் தேர்தல் சமயத்துல பீகார்ல 1,200-க்கும் மேற்பட்டவங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம், ரிவர்ஸ் இமேஜ் தேடல் உட்பட எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. மொத்தத்துல பாத்தா பெருசா ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் அவங்களும் இன்னும் சில ஆய்வாளர்களும் சேர்ந்து, அதே பீகார்ல, 13,500-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களோட, நூலகங்கள்ல வெச்சு, பல வாரம் திரும்பத் திரும்ப வகுப்பு எடுத்தாங்க. இந்தத் தடவை மாற்றம் தெரிஞ்சுது. மாசக்கணக்குல நின்னுச்சு. வகுப்புக்கே வராத பெற்றோருக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்துச்சு. எந்த ஊர்க்காரங்களை நம்ம ஃபார்வர்டுகள்ல கேலி பண்றோமோ, இந்த விஷயத்துல இருக்குற நல்ல ஆதாரத்துல ஒண்ணு அந்த ஊர்ப் பசங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு.

கேரளா இதை முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. தட்டம்மை தடுப்பூசி பத்தின வாட்ஸ்அப் வதந்தியால ஊசி போட ஆளு வராம, 2018-ல கண்ணூர் மாவட்டத்துல 150 அரசுப் பள்ளிகள்ல "சத்யமேவ ஜயதே"ன்னு வகுப்பு தொடங்கினாங்க. 2024-ல 5, 7-ம் வகுப்பு ஐசிடி பாடப்புத்தகத்துலயே வந்துடுச்சு. இங்கயும் அது புத்தகத்துக்குள்ள வரணும்ங்கறது என் ஆசை. சனிக்கிழமை லீவு போட்டுட்டு வர்ற அக்காவை நம்பி இதை விடக் கூடாது. எனக்கு ரிலீஸ் வந்தா கிளாஸ் கேன்சல், அதான் நிலைமை.

பெற்றோர்னு சொன்னதும் ஞாபகம் வருது. இத்தனை வகுப்புலயும் பசங்க அதிகமா மாட்டிக்கிட்டது லென்ஸ்லயோ நம்பர் பிளேட்லயோ இல்ல. ஒரு பொண்ணு கேட்டா: "பெரியப்பா அனுப்புறதைப் பொய்னு எப்படிக்கா சொல்றது?" அதுக்கு எந்த ஆப்பும் இல்ல. குரூப்புல எல்லார் முன்னாடியும் போட்டா, வீட்டுல "ரெண்டு எழுத்து படிச்சதும் வாய் நீளுது"ன்னு அவளுக்குத்தான் விழும். பையன் சொன்னா கெத்து, பொண்ணு சொன்னா திமிரு, அதையும் சேத்துக்கங்க. பசங்களே ஒரு வழி போட்டாங்க. பொய்ங்கற வார்த்தையே வேணாம். தனியா மெசேஜ் பண்ணணும். "பெரியப்பா, இது எந்த வருஷம் எடுத்தது, உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேக்கணும். பழைய படத்தோட லிங்க்கைக் கையில வெச்சுக்கிட்டு, அவர் கேட்டா மட்டும் கொடுக்கணும்.

அவ அப்படியே செஞ்சா. பெரியப்பா பதில் போடல. மறுநாள் காலையில ரோஜாப்பூ வெச்ச குட் மார்னிங் வந்துச்சாம், அவளுக்கு மட்டும் தனியா. ஆனா குரூப்புல அந்தப் படத்தைக் காணோம், டெலீட் பண்ணியிருக்கார்.

வர்ற சனிக்கிழமை லேப் சாவி கிடைக்கும்னு எச்எம் சொல்லியிருக்காங்க. மிக்ஜாம்ல அவங்கவங்க தெருவுல எடுத்த படம் வீட்டு போன்ல இருந்தா கொண்டு வரச் சொல்லியிருக்கேன். ஒரு குரூப்போட படத்தை இன்னொரு குரூப் எந்தத் தெரு, எந்தத் தேதின்னு கண்டுபிடிக்கணும். அந்த ஹோலி பையன், தாத்தா ஊர் ஸ்டேஷன் படத்தையும் கொண்டு வரட்டுமான்னு கேட்டிருக்கான். கொண்டு வாடான்னு சொல்லியிருக்கேன்.

உங்க ஏரியா ஸ்கூல்ல இதை ஆரம்பிக்கணும்னா எழுதுங்க, என் பிரிண்ட் அவுட் எல்லாம் அனுப்பி வைக்கிறேன். அடுத்த எபிசோடுல பாப்போம்.